ஏட்டிலே காவல், கிணற்றிலே நஞ்சு!

பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. மருத்துவர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. தாய் படுத்தாள்; தாயைப் பார்க்க வந்த மகள் படுத்தாள்; முதியோர் இல்லத்துக் கிழவர்கள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தனர். வயிற்றைப் பிசையும் வலி, காய்ச்சல், ஓயாத பேதி!

என்ன தின்றார்கள் இந்த மக்கள்? கெட்டுப்போன கறியா? கள்ளச்சாராயமா? ஒன்றுமில்லை தோழர்களே! குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்!

பஞ்சத்தில் அடிபட்ட நாடொன்றில் நடந்ததல்ல இது. பாலும் வெண்ணெயும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் நியூஜிலாந்தில், ஹாக்ஸ் பே வட்டாரத்தில், ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில், 2016 ஆகஸ்டு மாதம் நடந்தது. ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ 14,000. நோயில் விழுந்தவர் 5,500 பேர் என்று முதலில் கணக்கிட்டனர். பின்னர் ஆராய்ந்தவர்கள், ‘அந்தக் கணக்கும் குறைவு, 6,000-ஐயும் தாண்டும்’ என்றனர். நான்கு பேரின் மரணத்துக்கு இந்நோயோடு தொடர்பு உண்டு என்று கணக்கிடப்பட்டது.

எப்படி வந்தது இந்த நோய்?

ஆகஸ்டு 5, 6 தேதிகளில் பெருமழை. ஊருக்குத் தண்ணீர் தரும் ஆழ்குழாய்க் கிணறுகள் புரூக்வேல் சாலையில் இருந்தன. பக்கத்திலே ஆடு மேயும் புல்வெளி. மழை வெள்ளம் ஆட்டுப் புழுக்கையை அள்ளிக்கொண்டு குட்டையில் இறங்கிற்று. குட்டைக்கும் கிணற்றுக்கும் இடையே சுமார் 90 மீட்டர். குட்டை நீர் பூமிக்குள் கசிந்தது, கிணற்றில் கலந்தது. அதிலிருந்த கேம்பிலோபாக்டர் என்ற நுண்கிருமி குழாய் வழியே வீடு வீடாகப் போயிற்று. நிலத்தடி நீர் தூய நீர் என்று நம்பி, அந்த ஊரில் குளோரின்கூடக் கலக்காமல் விநியோகித்து வந்தார்கள்.

மழை பெய்தது இயற்கை. ஆடு மேய்ந்ததும் இயற்கை. ஆனால், ‘காவல் எங்கே போயிற்று?’ என்று கேட்க வேண்டுமல்லவா? கேட்டார்கள். சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. 2017-ல் அந்தக் குழு தந்த அறிக்கையைப் படிக்கும்போதுதான், நமக்கும் அதிலே பாடம் இருக்கிறது என்பது புலப்படுகிறது.

அந்தக் கிணறுகளுக்குக் காவல் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு இரண்டு காவல்! தண்ணீரை இறைத்து ஊருக்கு வழங்கியது ஹேஸ்டிங்ஸ் மாவட்ட மன்றம். அந்தத் தண்ணீரை எடுக்க அனுமதிச் சீட்டு தந்தது ஹாக்ஸ் பே வட்டார மன்றம். சீட்டிலே நிபந்தனைகள் இருந்தன. கையெழுத்து இருந்தது. கோப்பு இருந்தது. கோப்பை வைக்க அலமாரியும் இருந்தது!

போய்ப் பார்த்த கண் இருந்ததா?

நிலத்தடி நீருக்குப் பாதுகாவலனாக இருக்கும் பொறுப்பைச் சட்டம் வட்டார மன்றத்திடம் கொடுத்திருந்தது. அந்தப் பொறுப்பை அது நிறைவேற்றவில்லை என்றது விசாரணைக் குழு. சுற்றுப்புறத்தில் பயனற்றுத் திறந்து கிடந்த கிணறுகளைக் கவனித்த விதமும், தான் கொடுத்த அனுமதியைத் தானே கண்காணித்த விதமும் போதுமானவையாக இல்லை என்றது. மாவட்ட மன்றத்தையும் விடவில்லை. 1998-ஆம் ஆண்டிலேயே அதே ஊரில், அதே வகை நோய் தண்ணீரால் வந்திருந்தது. அந்தப் பாடத்தை அவர்கள் படிக்கவில்லை. இரு மன்றங்களும் ஒன்றோடொன்று கலந்து பேசி வேலை செய்யவில்லை.

இதற்கிடையே நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. ‘நிபந்தனையை மீறினாய்’ என்று மாவட்ட மன்றத்தின் மீது வட்டார மன்றம் வழக்குத் தொடுத்தது! விசாரணை சூடு பிடித்ததும், 2016 டிசம்பரில் அந்த வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. களவு போன பிறகு, கதவைச் சாத்தாத வீட்டுக்காரன் மீது காவல்காரன் வழக்குப் போட்ட கதை இது!

விசாரணைக் குழு நியாயமாக ஒன்றைச் சொல்லிற்று. இந்தத் தவறுகளில் எதுவும் நேரடியாக நோயை உண்டாக்கவில்லை. ஆனால் அவை நேராதிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கலாம் என்றது. கண்காணிப்பு என்னும் பணியின் தன்மையே அதுதான். அது நடந்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ‘இன்று யாரும் சாகவில்லை’ என்று எந்த ஏடும் தலைப்புப் போடாது. அது நின்றால்தான் ஊருக்கே தெரிகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் நம் வீட்டுப் பாட்டிமார். ஏட்டிலே உள்ள அனுமதிச் சீட்டும் தண்ணீரைக் காக்க உதவாது!

வட்டார மன்றம் என்றோமே, அது என்ன அமைப்பு?

1989-ல் நியூஜிலாந்து தன் ஊராட்சி முறையை அடியோடு மாற்றிற்று. நூற்றுக்கணக்கான சிறு சிறு வாரியங்களைக் கலைத்து, மாவட்ட மன்றம், நகர மன்றம், வட்டார மன்றம் என்று ஒழுங்கு செய்தது. வட்டார மன்றங்களுக்கு எல்லை வகுத்த முறைதான் நாம் கவனிக்கத் தக்கது. பெரும்பாலும் ஆற்றுப் படுகையை வைத்து எல்லை வகுத்தார்கள். மலையில் மழை விழும் இடம் முதல் கடலில் ஆறு கலக்கும் இடம் வரை ஒரே மன்றத்தின் பொறுப்பு. மேலே இருப்பவன் கழிவைக் கொட்டிவிட்டு, ‘கீழே இருப்பவன் வேறு ஜில்லாக்காரன், எனக்கென்ன?’ என்று சொல்ல முடியாது.

1991-ல் வள மேலாண்மைச் சட்டம் வந்தது. அனுமதியின்றி ஆற்றிலே கழிவை விடக்கூடாது என்றது சட்டம். அனுமதி கொடுத்தாலும் அதிகபட்சம் 35 ஆண்டுகள்தான். என்றென்றைக்கும் எழுதிக் கொடுப்பதற்கில்லை. அனுமதி கொடுத்ததோடு மன்றத்தின் வேலை தீராது. நீரும் நிலமும் காற்றும் எப்படி இருக்கின்றன, நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று தொடர்ந்து கண்காணிப்பது மன்றத்தின் கடமை என்று சட்டமே எழுதி வைத்தது. கண்காணிக்கும் செலவை அனுமதி பெற்றவரிடமே வசூலிக்கவும் வழி செய்தது. லாபம் ஆலைக்கு, காவல் செலவு ஏழைக்கு என்ற அநீதிக்கு அங்கே ஓரளவு தடை போட்டார்கள்.

மன்றத்தார் மூன்றாண்டுக்கு ஒரு முறை மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவர்கள். இன்று அத்தகைய மன்றங்கள் 11 இருக்கின்றன. சில பகுதிகளில் ஒரே மன்றம் இரு வேலைகளையும் பார்க்கிறது.

ஏன் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது? அதற்கு முன்பு இருந்த நிலையைப் பார்த்தால் விளங்கும்.

அந்நாட்டின் வட தீவிலே டாரவேரா என்றோர் ஆறு. மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த ஆறு. அதன் கரையில், கவெராவ் என்ற ஊரில், 1950-களில் மரக்கூழும் காகிதமும் செய்யும் பேராலை எழுந்தது. ஆலையின் கழிவு எங்கே போவது? ஆற்றுக்குத்தான்! அதற்காக 1954-ல் நாடாளுமன்றத்திலேயே ஒரு தனிச் சட்டம் செய்து கொடுத்தார்கள். ஒரு கம்பெனிக்காக ஒரு சட்டம்! ஆறு நிறம் மாறிற்று. மக்கள் அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: ‘கறுப்புச் சாக்கடை’!

ஆலை வேலை தந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஊரே அந்த ஆலையால் உருவான ஊர். ஆனால், 2021-ல் அங்கே செய்தித்தாள் காகிதம் செய்த ஆலை மூடப்பட்டது. உலகச் சந்தையில் காகிதத்துக்குக் கிராக்கி குறைந்தது. பாட்டாளிகளின் கையில் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தார்கள். லாபம் போன இடம் வேறு. வேலையும் போயிற்று. ஆற்றோடு வாழ்வதற்கு மிச்சமிருப்பவர்கள் அந்த ஊர் மக்கள்தான்.

‘ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா?’ என்று பாட்டாளியைப் பார்த்துக் கேட்கும் கெட்டிக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: ஆலையில் பகலெல்லாம் உழைப்பவன், மாலையில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறான்? முதலாளி குடிக்கும் தண்ணீர் சீசாவில் வரும். தொழிலாளி குடிக்கும் தண்ணீர், ஆலைக்குக் கீழே ஓடும் ஆற்றிலிருந்தும், ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றிலிருந்தும்தான் வரும். ஆகவே, ஆலையைக் கண்காணிப்பது ஆலைக்கு எதிரான வேலை ஆகாது. ஆலையில் உழைப்பவனைக் காக்கும் வேலை அது.

சரி, கண்காணிப்பு ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும்?

அதே தீவின் மேற்குக் கரையில் டாரனாக்கி வட்டாரம். நடுவிலே ஒரு எரிமலை. அதைச் சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஓடும் ஓடைகள். ஓடைக்கு ஓடை பால் பண்ணை. எண்ணெய், எரிவாயு, பால் பவுடர் தொழிற்சாலைகள். அங்கேயுள்ள வட்டார மன்றம் பெரிய தொழிற்சாலைகளைக் கண்காணித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. எத்தனை முறை அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தார்கள், எந்த மாதிரி எடுத்தார்கள், என்ன முடிவு வந்தது, அக்கம்பக்கத்தார் என்ன புகார் சொன்னார்கள் என்று எழுதி, பள்ளிப் பிள்ளைக்குப் போல மதிப்பும் போடுகிறது: உயர்வு, நன்று, திருந்த வேண்டும், மோசம். யாரும் எடுத்துப் படிக்கலாம். கம்பெனியின் பெயர் ஊரறிய அச்சில் நிற்கிறது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கழிவு விழும் இடத்துக்கு மேலே ஒரு குடுவை. கீழே ஒரு குடுவை. மேலே தெளிவு, கீழே அழுக்கு என்றால், நடுவிலே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்!

‘அதிகாரி வரும் நாளில் கழிவை நிறுத்திவிட்டு, போன பிறகு திறந்துவிட்டால்?’ என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் அங்கே ஒரு சாட்சி கண்டுபிடித்தார்கள். ஓடையின் அடியில், கல்லுக்குக் கீழே வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள்தான் அந்தச் சாட்சி! சில வகைப் பூச்சிகள் தூய நீரில் மட்டுமே வாழும். சில வகை, சேற்றிலும் சாக்கடையிலும் கூடத் தாக்குப்பிடிக்கும். எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையை, 1985-ல் அந்த டாரனாக்கி ஓடைகளை வைத்தே வகுத்தார்கள். அந்த மூல முறைப்படி 120-க்கு மேல் என்றால் தூய ஓடை. 80-க்குக் கீழே என்றால் மாசு மிகுந்த ஓடை. தண்ணீர் ஓடிப் போய்விடும். பூச்சி அங்கேயே வாழும். போன வாரம் இரவிலே வந்த நஞ்சுக்கும் அது சாட்சி சொல்லும். லஞ்சம் வாங்காத சாட்சி! பிறழாத சாட்சி!

தொழிற்சாலைக்குப் புகைபோக்கி இருக்கிறது. கழிவுக் குழாய் இருக்கிறது. விரலை நீட்டிக் காட்டலாம். நிலத்தைப் பயன்படுத்தும் முறையால் வரும் கேடு அப்படிப்பட்டதல்ல. ஆயிரம் மாடுகள் மேய்கின்றன. அவற்றின் மூத்திரமும், புல்லுக்கு இட்ட உரமும் மண்ணில் இறங்குகின்றன. அதிலுள்ள நைட்ரஜன் நிலத்தடி நீரில் கலந்து மெல்ல மெல்ல நகர்கிறது. இன்று மேய்ந்த மாட்டின் கேடு, ஏரிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகும்!

நியூஜிலாந்தின் மிகப் பெரிய ஏரி டவுப்போ. பரப்பு 616 சதுர கிலோமீட்டர். கண்ணாடி போன்ற அந்த ஏரி மங்கத் தொடங்குகிறது என்று அளந்து கண்ட வைக்காட்டோ வட்டார மன்றம், ‘ஏரி பச்சையாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று இருக்கவில்லை. 2001 முதல் 2005 வரை ஒவ்வொரு பண்ணையும் வெளிவிட்ட நைட்ரஜனைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. பண்ணையாளர்கள் எதிர்த்தனர்; வழக்காடினர். ‘நாங்கள் என்ன கள்ளக்கடத்தல் செய்கிறோமா? பால்தானே கறக்கிறோம்!’ என்ற அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆகவே வரம்போடு நிற்காமல், மத்திய சர்க்கார், வட்டார மன்றம், மாவட்ட மன்றம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 8 கோடி டாலர் நிதி திரட்டின. பண்ணையைக் குறைக்கவும், நிலத்தில் மரம் வளர்க்கவும் முன்வந்தவர்களுக்கு ஈடு கொடுத்தன. ஆண்டுக்கு 170 டன் நைட்ரஜனைக் குறைப்பதற்கான ஏற்பாடு 2015-க்குள் முடிந்தது.

அளந்தார்கள், அறிந்தார்கள், அதனால் காக்க முடிந்தது. ஊர்ப் பொதுச் சொத்தைக் காக்கும் சுமையை உழவன் தலையில் மட்டும் ஏற்றாமல் ஊரே பங்கிட்டுக்கொண்டது. இதை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அதே நாட்டின் தென் தீவிலே, கான்டர்பரி வட்டாரத்தில், கதை வேறு விதமாக ஓடிற்று. 1990-ல் அங்கே பால் மாடுகள் சுமார் 1,13,000. 2019-ல் சுமார் 12 லட்சம்! ஏறத்தாழப் பத்து மடங்கு! வறண்ட சமவெளியில் ஆற்று நீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். தண்ணீர் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. வட்டார மன்றம் தயங்கிற்று; தாமதித்தது.

உடனே மத்திய சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? 2010 மார்ச்சில், ‘வேலை மந்தம், தண்ணீர்த் திட்டம் இல்லை’ என்று காரணம் காட்டி, அவசரச் சட்டமாக ஒன்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 14 உறுப்பினர்களையும் வீட்டுக்கு அனுப்பிற்று! அவர்கள் இடத்தில் தானே நியமித்த கமிஷனர்களை உட்கார வைத்தது. அந்த ஆண்டு நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. 2016-ல் பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல். முழு மன்றத்தையும் மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தது 2019-ல்தான். ஒன்பது ஆண்டுகள்!

மன்றத்திலே குறை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். குறையுள்ள மன்றத்தை மாற்றும் உரிமை யாருக்கு? அதைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கா, தலைநகரில் இருக்கும் மந்திரிக்கா? மாநிலத்து ஆட்சியை டில்லி கலைக்கும் கொடுமையைக் கண்டு பழகிய நமக்கு, இந்தக் கேள்வியின் வலி நன்றாகவே தெரியும்.

2025 செப்டம்பரில், அதே கான்டர்பரி மன்றம் ‘நைட்ரேட் நெருக்கடி’ என்று அறிவித்தது. கிணற்று நீரிலே நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிறது என்பதைக் காட்டியது யாருடைய யூகமுமல்ல. ஆண்டுக்காண்டு கிணறு கிணறாக எடுத்த மாதிரிகள்! அளந்தது உண்மை. ஆனால் மாடுகள் பத்து மடங்கு ஆகும்போது அளவுகோல் மட்டும் போதாது, ‘நிறுத்து!’ என்று சொல்லும் துணிவும் காவலனுக்கு வேண்டும்.

அந்தத் துணிவுக்குத் தடையாக நிற்பது எது? 2011-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கை அதிகாரி நான்கு வட்டார மன்றங்களை ஆராய்ந்தார். நீரைக் கெடுத்தவர் மீது வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு, அரசியல் சார்பின் நிழல்கூடப் படாமல் எடுக்கப்பட வேண்டும் என்றார். வாக்குக் கேட்டு வந்தவர், வாக்களித்த பண்ணையார் மீது வழக்கா என்ற முடிவைச் செய்யும் இடத்தில் இருக்கலாகாது. கொள்கையை வகுப்பது மக்கள் பிரதிநிதியின் வேலை; குற்றவாளியைப் பிடிப்பது சட்டத்தின் வேலை. இரண்டையும் குழப்பினால் வேலியே பயிரை மேயும்.

இப்போது 2025 நவம்பரில் அந்நாட்டுச் சர்க்கார் ஒரு யோசனையை முன்வைத்தது. வட்டார மன்றத்துக்கென்று தனி உறுப்பினர்கள் வேண்டாம்; அந்த வட்டாரத்து மேயர்களைக் கொண்ட வாரியமே அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது யோசனை. செலவு மிச்சம், இரட்டை வேலை மிச்சம் என்கிறார்கள். இரு மன்றங்கள் ஒத்துழைக்காததால் கேடு வந்ததை மேலே நாமே சொன்னோம். எனவே இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஊருக்குத் தண்ணீர் இறைப்பது யார்? மாவட்ட மன்றம். ஊர்ச் சாக்கடையை ஆற்றிலோ கடலிலோ விடுவது யார்? அதே மாவட்ட மன்றம். அந்த மன்றத்தின் தலைவர் யார்? மேயர்! கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிப்பவராக உட்கார்ந்தால், ‘கிணற்றுக்கு மூடி போட்டாயா?’ என்று யார் யாரைக் கேட்பது? இரு காவலர் ஒத்துழைப்பது வேறு. இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுவது வேறு. ஹேவ்லாக் நார்த்துக்குப் பிறகு, குடிநீரைக் கண்காணிக்க 2021-ல் தனி அமைப்பையே ஏற்படுத்திய நாடு அது. அனுபவம் கற்றுத் தந்ததை ஆட்சிச் சிக்கனத்துக்காக மறக்கலாமா?

தோழர்களே! கடல் கடந்த நாட்டின் கதையை நாம் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ‘சட்டம் வந்துவிட்டது, வாரியம் அமைந்துவிட்டது, இனி கவலையில்லை’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

கடைசியாக எந்தத் தேதியில் போய்ப் பார்த்தீர்கள்?

பார்த்ததை எங்கே எழுதி வைத்தீர்கள்? அதை ஊரார் படிக்க முடியுமா?

தவறு கண்டபோது, செல்வாக்குள்ளவன் என்று பாராமல் நடவடிக்கை எடுத்தீர்களா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது காவல். பதில் இல்லையென்றால் அது வெறும் பெயர்ப்பலகை! பெயர்ப்பலகையை நம்பித் தண்ணீர் குடித்த ஊரின் கதையைத்தான் மேலே படித்தீர்கள்.